தன் கையைத் தான் பார்க்கக் கூடாத ஆட்டம்: ‘ஹனாபி’

பாரிஸில் வாழும் என் சித்தியின் மகள் சென்ற ஆடி மாதம் விடுமுறையில் திருகோணமலைக்கு வந்தபோது, சொக்கலேற்றுகளுக்கும் உடுப்புகளுக்கும் நடுவே சிறிய பெட்டியொன்றையும் கொண்டுவந்து என்னிடம் தந்தாள். உவர்மலையில் எங்கள் வாசிகசாலையில் சனிக்கிழமை மாலைகளில் கூடும் இளைஞர்களை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து, ஒருவர் பேச மற்றவர் கேட்கும் பழக்கத்தை உண்டாக்கும் விளையாட்டு ஏதேனும் கிடைக்குமா என்று நான் நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்ததை அவள் அறிவாள். பெட்டிக்குள் ஐம்பது அட்டைகளும் சில வட்ட வில்லைகளும் மட்டுமே இருந்தன. அன்றிலிருந்து ஏறத்தாழ ஏழு மாதங்களில், பதினைந்து வயதுப் பிள்ளைகள் முதல் ஓய்வுபெற்ற தபாலதிபர் வரை பலரோடு இந்த ஆட்டத்தை ஐம்பது தடவைக்கு மேல் ஆடியிருக்கிறேன். ஒரு முறை ஆடிப் பார்த்து எழுதும் மதிப்புரையாக இல்லாமல், ஆட்டம் பழகிப்போன பின்னர் அதில் எஞ்சுவது என்ன என்பதைப் பற்றிய மதிப்புரையாக இதைக் கொள்ளலாம்.

ஹனாபியை உருவாக்கியவர் பிரான்ஸைச் சேர்ந்த அந்துவான் போசா. 2010இல் முதலில் வெளியான இந்த ஆட்டம், ஜேர்மனியில் ஆண்டுதோறும் வழங்கப்படும் ‘ஷ்பீல் டெஸ் யாரெஸ்’ என்னும் ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான விருதை 2013இல் பெற்றது. பெயர் ஜப்பானியச் சொல். பூ, நெருப்பு ஆகிய இரண்டும் சேர்ந்து வாணவேடிக்கையைக் குறிக்கிறது. நம்முடைய மத்தாப்பூவிலும் அதே பூ இருப்பதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது அவர்களுக்கு ஆட்டத்தின் பெயர் உடனே மனத்தில் நின்றுவிட்டது.

வெள்ளை, சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என ஐந்து நிறங்கள். ஒவ்வொரு நிறத்திலும் ஒன்று என்னும் எண் மூன்று அட்டைகளிலும், இரண்டு, மூன்று, நான்கு ஆகியவை ஒவ்வொன்றும் இரண்டு அட்டைகளிலும், ஐந்து ஒரே ஓர் அட்டையிலும் இருக்கும். ஒவ்வொரு நிறத்தையும் ஒன்றிலிருந்து ஐந்துவரை வரிசை தவறாமல் மேசையில் அடுக்க வேண்டும். ஐந்து நிறங்களும் முடிந்தால் 25 புள்ளிகள். எல்லாரும் ஒரே அணி. ஒருவரையொருவர் வெல்வதற்கு இங்கே எதுவும் இல்லை. ஆட்டத்தின் உயிர் ஒரேயொரு விதியில் இருக்கிறது: உங்கள் அட்டைகளை முகம் வெளியே தெரியும்படி பிடிக்க வேண்டும். மற்ற எல்லாருடைய கையும் உங்களுக்குத் தெரியும், உங்கள் கை மட்டும் உங்களுக்குத் தெரியாது. உங்கள் முறை வரும்போது மூன்றில் ஒன்றைத்தான் செய்யலாம். ஒருவருக்குக் குறிப்புச் சொல்லலாம், அதற்கு நீல வில்லையொன்று செலவாகும். ஓர் அட்டையைக் கழித்துவிடலாம், அப்போது செலவான வில்லையொன்று திரும்பக் கிடைக்கும். அல்லது ஓர் அட்டையைத் துணிந்து மேசையில் இறக்கலாம். இறக்கியது பொருந்தாவிட்டால் அது ஒரு பிழை, மூன்றாவது பிழையோடு ஆட்டம் முடிந்துவிடும். நீல வில்லைகள் மொத்தம் எட்டு. குறிப்பும் நிறம், எண் ஆகிய இரண்டில் ஒன்றைப் பற்றியதாக மட்டுமே இருக்க வேண்டும். “இவை இரண்டும் சிவப்பு” என்று தொட்டுக் காட்டலாம், “இது நான்கு” என்று காட்டலாம், ஆனால் அந்தக் கையில் உள்ள சிவப்பு அட்டைகளில் ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க முடியாது. “இதை இறக்கு”, “அதை எறியாதே” என்ற சொற்களுக்கு இடமே இல்லை.

இதன் அருமையை விளங்கிக்கொள்ள, நம் ஊரில் புலன்களைக் கட்டிவைத்து ஆடும் விளையாட்டுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாக்களில் கண்ணைக் கட்டி முட்டி உடைத்தலும் யானைக்குக் கண் வைத்தலும் இல்லாத மைதானம் இல்லை. கண் கட்டப்பட்டவரை மூன்று சுற்றுச் சுற்றி விட்டதும் கூட்டம் முழுவதும் “இடப்பக்கம்”, “நேரே போ”, “திரும்பு” என்று கத்தத் தொடங்கும். பாதிப் பேர் உண்மையாகச் சொல்வார்கள், மீதிப் பேர் வேண்டுமென்றே வழிமாற்றுவார்கள். அந்தக் கூத்தில் எல்லாருக்கும் மகிழ்ச்சி உண்டு, அதை நான் குறை கூறமாட்டேன். ஆனால் அங்கே பார்க்க முடியாதவர் ஒருவர், பார்ப்பவர்கள் நூறு பேர். அவருடைய தடுமாற்றமே மற்றவர்களுக்கு வேடிக்கை. நூறு பேரில் ஒருவரும் தான் சொன்ன சொல் அவர் காதில் எப்படி விழுந்தது என்று எண்ணிப் பார்க்கத் தேவையில்லை.

இதே குறை, கூட்டுறவைக் கற்பிக்கிறோம் என்று சொல்லி நடத்தப்படும் பயிற்சிகளிலும் இருப்பதை நான் கண்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் உப்புவெளிக் கடற்கரையோர விடுதியொன்றில் அரைநாள் பயிற்சியொன்றில் கலந்துகொண்டேன். மூவர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒருவர் பார்க்கலாம் ஆனால் பேசக்கூடாது, ஒருவர் பேசலாம் ஆனால் பார்க்கக்கூடாது, மூன்றாமவர் கண்ணும் வாயும் கட்டப்பட்ட நிலையில் மணலில் கிடக்கும் பொருளை எடுக்க வேண்டும் என்று விதித்தார்கள். அமைப்பு நல்ல அமைப்புத்தான். ஆனால் நடத்தியவர் கையில் ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு, மூன்றாமவர் தவறும் ஒவ்வொரு முறையும் அதைக் கூட்டத்துக்கு அறிவித்துச் சிரிக்கவைத்தார். எங்கள் குழுவில் மூன்றாமவராக இருந்தவர் ஐம்பது வயது கடந்த அம்மா ஒருவர். அவர் கண்கட்டை அவிழ்த்தபோது கண்கள் கலங்கியிருந்தன. பயிற்சியின் முடிவில், எல்லாரும் எதைக் கற்றீர்கள் என்று கேட்டார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அன்று முதல், புலனைக் கட்டும் எந்த ஆட்டத்தையும் பார்க்கும்போது அந்தக் கட்டு யார்மேல் விழுகிறது என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

ஹனாபியில் அது எல்லார்மேலும் ஒரே அளவில் விழுகிறது. மேசையைச் சுற்றியுள்ள ஒவ்வொருவரும் தன் விடயத்தில் பார்க்க முடியாதவர், மற்றவர் விடயத்தில் பார்ப்பவர். வழிகாட்டுபவரும் வழிகாட்டப்படுபவரும் ஒரே ஆள், முறை மாறுவதுதான் வித்தியாசம். தடுமாறியவரைப் பார்த்துச் சிரித்தவர் இரண்டு முறை கழித்துத் தானே தடுமாறுவார் என்பதால் சிரிப்பின் தன்மையே மாறிவிடுகிறது. இந்த ஆட்டத்தை நான் விரும்புவதற்கு முதற் காரணம் இதுவே.

எங்கள் முதல் ஆட்டத்தில் 11 புள்ளிகள் கிடைத்தன. அந்த ஆட்டத்தில் நடந்த ஒரு தவறை இன்றும் எங்கள் வாசிகசாலையில் எடுத்துச் சொல்வதுண்டு. உயர்தரம் படிக்கும் தங்கச்சி ஒருத்தியின் கையில் சிவப்பு ஐந்து இருந்தது. ஒரே ஓர் அட்டைதான் உண்டு, அது போனால் 25 என்ற எண்ணையே மறந்துவிட வேண்டியதுதான். அவளைத் தவிர நாங்கள் நால்வரும் அதைத் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொருவரும், இதை இவ்வளவு பேர் பார்க்கும்போது யாரோ ஒருவர் சொல்லத்தானே போகிறார் என்று எண்ணி, வேறு யாருக்கோ வேறு குறிப்பைச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவளுடைய முறை வந்தது. தன்னிடம் யாரும் எதுவும் சொல்லாத அட்டை பயனற்ற அட்டையாகத்தான் இருக்கும் என்று மிகச் சரியாகச் சிந்தித்து, அதைக் கழித்துவிட்டாள். அவள் செய்ததில் பிழை இல்லை. நால்வரும் கண்டும் ஒருவரும் சொல்லாததுதான் பிழை. ஒரு குழுவில் எல்லாருக்கும் தெரிந்த ஆபத்து யாருடைய பொறுப்பாகவும் இல்லாமல் போவது எப்படி என்பதை அந்த ஓர் அட்டை அளவுக்கு எந்தச் சொற்பொழிவும் எங்களுக்கு உணர்த்தியதில்லை.

இரண்டாவது வாரத்தில் வேறொன்று புரிந்தது. தபாலதிபராக இருந்த மாமா, குறிப்புச் சொல்வதற்கு முன் நீண்ட நேரம் சிந்திப்பவர். ஒருமுறை அவர் அதே தங்கச்சியிடம் “இவை இரண்டும் பச்சை” என்றார். அவர் மனத்திலிருந்தது, வலப்பக்கத்துப் பச்சை இப்போது மேசைக்குப் பொருந்தும், இடப்பக்கத்தது பிறகு பயன்படும் என்பது. அவள் இடப்பக்கத்து அட்டையை இறக்கினாள். ஒரு பிழை விழுந்தது. “நான் சொன்னது சரிதானே, பிள்ளை” என்று மாமா வருந்தினார். “நீங்கள் சொன்னது சரி, மாமா. ஆனால் எனக்குத் தெரிந்தது இரண்டும் பச்சை என்பது மட்டும்தானே” என்றாள் அவள். சொல்பவருக்குத் தெரிந்திருப்பதில் எவ்வளவு கேட்பவரிடம் போய்ச் சேர்ந்தது என்ற கணக்கை வைக்காமல் பேசிய உண்மை, பொய்யைப் போலவே ஆளை வழிமாற்றிவிடும். மாமா அன்றிலிருந்து குறிப்புச் சொல்லுமுன் எழுந்துபோய், கேட்பவரின் கதிரைக்குப் பின்னால் ஒரு கணம் நின்று, அவர் இருக்கும் இடத்திலிருந்து மேசையைப் பார்க்கத் தொடங்கினார். விதியில் அதற்குத் தடையில்லை. அவருடைய குறிப்புகளும் பெரிதும் தெளிந்தன.

காலப்போக்கில், சொல்லாமல் விடுவதும் செய்தியாகிறது. என் முறைக்கு முன் மூவர் எனக்கு எதுவும் சொல்லாமல் கடந்துபோனால், என் கையில் அவசரமான அட்டை எதுவும் இல்லை என்று நான் பொருள் கொள்ளலாம். எட்டு வில்லைகளில் ஒன்றைச் செலவிட்டு ஒருவர் என் அட்டைகளில் ஒன்றை மட்டும் தொட்டுக் காட்டினால், அதை இப்போதே இறக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். இவற்றுள் எதையும் விதித்தாள் கற்பிப்பதில்லை. மேசையில் இருப்பவர்கள் தாமாகவே வளர்த்துக்கொள்கிறார்கள். பேச்சில் பங்குகொள்பவர்கள் ஒருவருக்கொருவர் ஒத்துழைக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் சொல்லாத பொருளையும் நாம் விளங்கிக்கொள்கிறோம் என்று 1975இல் பிரித்தானியத் தத்துவ அறிஞர் போல் கிரைஸ் எழுதியது, இந்த ஐம்பது அட்டைகளுக்குள் கண்முன்னே நடக்கிறது. செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள். சதுரங்கத்திலும் ‘கோ’ ஆட்டத்திலும் மனிதரை இயந்திரங்கள் வென்ற பின்னர், கூகிள் ஆய்வாளர்களும் டீப்மைண்ட் நிறுவனத்தாரும் 2019இல் ஹனாபியை அடுத்த சவால்களில் ஒன்றாக முன்வைத்தார்கள். எதிராளியைக் கணக்கிட்டு வெல்லும் திறமை இங்கே உதவாது. பழக்கமில்லாத கூட்டாளியின் மனத்தை ஊகிக்கும் திறமை வேண்டும் என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

எங்கள் மேசையில் அந்தத் திறமை மிகுந்தவராக வெளிப்பட்டவர், பருவகாலத்தில் நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குச் சுழியோடிகளை அழைத்துச் செல்லும் தம்பி ஒருவர். நீருக்கடியில் வாய் பேச முடியாது, காதும் பெரிதாக உதவாது, கையும் கண்ணும்தான். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் கரையில் நாம் அதை ‘நல்லது’ என்று கொள்வோம். கடலுக்குள் அதற்குப் பொருள் ‘மேலே போகிறோம்’ என்பது மட்டுமே. நலமாக இருப்பதைச் சொல்ல, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்க்க வேண்டும். புதியவர் ஒருவர் மகிழ்ச்சியில் கட்டைவிரலை உயர்த்தினால் வழிகாட்டி அவரை மேலே கொண்டுபோக வேண்டியதாகிவிடும் என்று தம்பி விளக்கினார். இன்னொன்றும் சொன்னார்: நீருக்குள் ஒரு சைகையைப் பெற்றவர் அதே சைகையைத் திருப்பிக் காட்ட வேண்டும், காட்டினால்தான் அது சென்று சேர்ந்ததாகக் கொள்ளப்படும். அவர் அந்த வழக்கத்தை எங்கள் மேசைக்குக் கொண்டுவந்தார். குறிப்புக் கிடைத்தவர் “முதலாவதும் நான்காவதும் நீலம்” என்று ஒருமுறை வாய்விட்டுத் திருப்பிச் சொல்வார். இந்தச் சிறிய மாற்றத்துக்குப் பிறகு எங்கள் புள்ளிகள் பதினாறுக்குக் கீழே இறங்குவது அரிதாகிவிட்டது.

விதி மீறலைப் பற்றியும் சொல்ல வேண்டும். முந்நூற்று நாலு என்னும் சீட்டாட்டம் ஆடி வளர்ந்த ஊர் நம்முடையது. துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எதிரே இருக்கும் கூட்டாளிக்கு இருமலிலும் தாளைப் போடும் வேகத்திலும் செய்தி அனுப்பும் கலையில் நம் பெரியவர்களுக்கு நிகர் இல்லை. அது கள்ளம் என்று எல்லாருக்கும் தெரியும், பிடிபட்டால் சண்டையும் வரும். ஹனாபியில் எதிரணி இல்லாததால் கள்ளத்தைப் பிடிப்பவரும் இல்லை. ஒருவர் “இது... சிவப்பு” என்று இழுத்துச் சொன்னாலே போதும், அல்லது கை தவறான அட்டையின்மேல் போகும்போது அம்மா ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்தாலே போதும், குறிப்பு இலவசமாகப் போய்ச் சேர்ந்துவிடும். இதை எவ்வளவு கடுமையாகத் தடுப்பது என்பதை விதித்தாள் பெரும்பாலும் ஆடுபவர்களிடமே விட்டுவிடுகிறது. நாங்கள் எல்லாக் குறிப்புகளையும் ஒரே தொனியில், “உங்களுடைய இந்த அட்டை” என்று தொடங்கும் ஒரே வாக்கியத்தில் சொல்வது என்று உடன்பட்டோம். முகத்தைக் கட்டுப்படுத்தச் சொல்வது மட்டும் இன்றுவரை முடியாத காரியமாகவே இருக்கிறது. அதற்காக யாரையும் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அபேபுரவிலிருந்து வரும் சிங்கள நண்பர் ஒருவரும் கிண்ணியாவிலிருந்து வரும் முஸ்லிம் நண்பர் இருவரும் எங்கள் மேசையில் இருக்கிறார்கள். ஆட்டத்துக்கு வேண்டிய சொற்கள் ஐந்து நிறங்களும் ஐந்து எண்களும்தான். சுது, ரது, நில், கஹ, கொள என்று எங்கள் பிள்ளைகள் ஒரே மாலையில் கற்றுக்கொண்டார்கள். சிங்கள நண்பரும் தமிழில் நிறம் சொல்லத் தொடங்கினார். அட்டைகளில் எழுத்தே இல்லாத பொருளொன்று மூன்று சமூகங்களும் வாழும் ஊருக்கு எவ்வளவு ஏற்றது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இதே வகையில் எங்களிடம் இருக்கும் இன்னோர் அட்டைக்கட்டு, வொல்ஃப்கங் வார்ஷ் உருவாக்கி 2018இல் வெளிவந்த ‘த மைண்ட்’. ஒன்றிலிருந்து நூறுவரை எண்ணிட்ட அட்டைகளை, பேசாமலும் சைகை காட்டாமலும் ஏறுவரிசையில் இறக்க வேண்டும். அங்கே கட்டப்படுவது வாய், மிஞ்சுவது நேரம். என்னிடம் 60 இருந்தால் எவ்வளவு நேரம் பொறுப்பேன் என்பதே நான் மற்றவர்களுக்குச் சொல்லும் செய்தி. முதல் மூன்று ஆட்டங்கள் மெய்சிலிர்க்க வைத்தன. ஆனால் பத்து ஆட்டங்களுக்குப் பிறகு எல்லாரும் மனத்துக்குள் ஒரே வேகத்தில் எண்ணப் பழகிவிட்டார்கள். கற்பதற்கு மேலும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கணினியில் ஆடும் ‘கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்’ என்ற 2015ஆம் ஆண்டு கனடிய ஆட்டமும் புகழ்பெற்றது. ஒருவர் திரையில் வெடிகுண்டைப் பார்ப்பார், அவருக்குக் கைந்நூல் தெரியாது. மற்றவர்கள் கைந்நூலை வைத்திருப்பார்கள், அவர்களுக்குத் திரை தெரியாது. வார்த்தையால் மட்டுமே குண்டைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். அமைப்பின் கூர்மையில் அது ஹனாபியையும் மிஞ்சக்கூடும். எனினும் அதை வாசிகசாலைக்கு நான் கொண்டுவரவில்லை. 2009க்கு முன் இந்த ஊரில் வளர்ந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும் மேசையில், கடிகாரம் ஓடும் குண்டொன்றை விளையாட்டாக வைப்பதற்கு எனக்குக் கை வரவில்லை.

ஹனாபியின் பொருள் தரத்தைப் பற்றிச் சில சொற்கள். அட்டைகள் நன்றாக இருந்தாலும், ஏழு மாத வியர்வையிலும் உப்புக் காற்றிலும் ஓரங்கள் மென்மையாகிவிட்டன. பின்புறத்தில் ஓர் அடையாளம் விழுந்தாலே ஆட்டம் கெட்டுவிடும் என்பதால் உறை போட்டு ஆடுவது நல்லது. முகத்தை வெளியே காட்டி அரை மணி நேரம் அட்டைகளைப் பிடித்திருப்பது வயதானவர்களின் விரல்களுக்கு வேதனை. வாடைக் காற்று தொடங்கிய பிறகு உட்துறைமுகப் பக்கத்து யன்னலைப் பூட்டாமல் ஆட முடியவில்லை. மின்வெட்டில் விளக்கொளியில் ஆடினால் நீலமும் பச்சையும் ஒன்றாகத் தெரிகின்றன. இருவர் முதல் ஐவர் வரை ஆடலாம் என்று பெட்டி சொல்கிறது; என் அனுபவத்தில் மூவரும் நால்வரும்தான் சரியான அளவு. ஐவர் ஆடும்போது ஒருவருடைய முறை மீண்டும் வருவதற்குள் அவருக்குச் சொன்ன குறிப்புகள் பாதி மறந்துபோகின்றன, நினைவாற்றல் குறைந்தவர்கள் தாங்கள்தான் குழுவைக் கெடுக்கிறோம் என்று ஒதுங்கத் தொடங்குகிறார்கள். இந்த நினைவுச் சுமையை இந்த ஆட்டத்தின் மெய்யான குறையாகவே நான் காண்கிறேன். நாங்கள் அட்டைகளைச் சாய்த்தும் உயர்த்தியும் பிடித்து நினைவூட்டிக்கொள்ள எல்லாருக்கும் அனுமதி அளித்தோம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவர ஆளில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பிரிஸ்டல் போட் தாளில் ஐந்து நிறப் பேனாக்களால் ஐம்பது அட்டைகளை வெட்டி எழுதி எங்கள் இரண்டாவது கட்டை நாங்களே செய்தோம்.

மார்கழி மாதத்தில், கண்பார்வை இல்லாத அண்ணர் ஒருவர் வாசிகசாலைக்கு வரத் தொடங்கினார். ஒலிநூல்கள் கேட்பதற்காக வந்தவர், எங்கள் மேசையின் சத்தத்தைக் கேட்டு அருகில் வந்து உட்கார்ந்தார். ஆட்டத்தை விளக்கும்போது ஒருவர் ஆர்வத்தில், “இதை ஆடினால் உங்களுடைய நிலை எங்களுக்கும் கொஞ்சம் விளங்கும், அண்ணா” என்று சொல்லிவிட்டார். அண்ணர் கோபப்படவில்லை. “தம்பி, கண்ணைக் கட்டி ஐந்து நிமிடம் தடுமாறினால் உனக்குத் தெரிவது தடுமாற்றம் மட்டும்தான். நான் தடுமாறுவதில்லையே, முப்பது வருடமாகப் பழகியிருக்கிறேன்” என்றார். தாமும் பார்வையற்றவரான அமெரிக்க உளவியலாளர் அரியெல் சில்வர்மனும் அவருடைய உடனாய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: கண்ணைக் கட்டிக்கொண்டு பார்வையின்மையைப் போலச் செய்து பார்த்தவர்கள், அதன் பிறகு பார்வையற்றவர்களை முன்னிலும் திறமை குறைந்தவர்களாகவே மதிப்பிட்டார்கள். ஆகவே, இத்தகைய ஆட்டங்களை மாற்றுத்திறனாளிகளின் வாழ்க்கையை அறிமுகப்படுத்தும் கருவி என்று யாராவது விற்றால், அதை நம்ப வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையிலுள்ள தூரத்தை அறிவதற்கே இவை உதவும்.

அன்று எங்களை வெட்கப்படவைத்தது வேறொன்று. பார்க்க முடியாமையை அடிப்படையாகக் கொண்ட இந்த ஆட்டத்தில், உண்மையாகவே பார்க்க முடியாத ஒருவர் உட்கார இடமே இல்லை. முதலில், பக்கத்தில் ஒருவரை இருத்தி மற்றவர்களின் அட்டைகளை அண்ணரின் காதில் சொல்லவைத்தோம். அவர் எங்கள் எல்லாரையும்விட நன்றாக நினைவில் வைத்திருந்தார், ஆனால் இன்னொருவரின் கண்ணைக் கடன் வாங்கி ஆடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துத் தம்முடைய பிரெய்ல் பலகையையும் ஊசியையும் கொண்டுவந்தார். எங்கள் பிரிஸ்டல் போட் அட்டைகளில் ஒவ்வொன்றின் மூலையிலும் எண்ணையும் நிறத்தின் முதலெழுத்தையும் புள்ளிகளாகப் பொறித்தார். புள்ளிகளின் தடம் பின்புறத்தில் தெரியாமலிருக்க இன்னொரு தாளை ஒட்டினோம். பாலையூற்றில் தச்சுவேலை செய்யும் ஒருவர் ரீப்பர் துண்டுகளில் பள்ளம் வெட்டி, அட்டைகளை நிறுத்திவைக்கும் தாங்கிகள் செய்து தந்தார். வயதானவர்களின் விரல் வலிக்கும் அதனாலேயே தீர்வு கிடைத்தது.

இப்போது நால்வர் சிறிய மேசையொன்றில் நெருக்கமாக உட்காருகிறோம். அண்ணர் கையை நீட்டி எங்கள் தாங்கிகளின் முன்பக்கத்தை விரலால் வாசிக்கிறார். எங்கள் அட்டைகளின் முகத்தை நாங்கள் பார்ப்பதில்லை, அவருடைய அட்டைகளின் முகத்தை அவர் தொடுவதில்லை. தன் தாங்கியின் பின்பக்கத்தை மட்டும் இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டு, “என்னுடைய மூன்றாவது என்ன என்று ஒருவரும் சொல்லவில்லை, அப்படியென்றால் அது போகலாம்” என்று அவர் சிந்திக்கும்போது, மேசையில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். சென்ற சனிக்கிழமை அந்தக் கட்டில் 22 எடுத்தோம். வெள்ளை நான்கை நான்தான் கழித்துவிட்டேன். இரண்டில் முதலாவது முன்பே போய்விட்டதை அண்ணர் எனக்கு நினைவூட்ட முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததை ஆட்டம் முடிந்த பிறகுதான் மற்றவர்கள் சொன்னார்கள்.